பாதிப் பொட்டு

செத்தவன் மேல் பழியைப் போடுவதைப் போல சௌகரியமான காரியம் உலகத்தில் வேறு கிடையாது. அவன் எழுந்து வந்து எதிர்த்துப் பேச மாட்டான், வக்கீல் வைக்க மாட்டான். மறைமலைநகரில் ஜெபசிங் விஷயத்தில் எல்லோருமாகச் சேர்ந்து அதைத்தான் செய்து முடித்திருந்தார்கள்.

ஜெபசிங் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அடுத்தவர்கள் ஓட்டும் கார்களுக்கு சீட் பிராக்கெட் செய்து கொடுத்துவிட்டு, தான் மட்டும் கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்புகிற மனிதர். மாமல்லபுரம் சாலையில் 'கடலோரம் ஈ-கார்ஸ்' என்ற ஷோரூமில், கப்பலில் வந்த வெளிநாட்டு மின்சாரக் கார் உள்ளூர் காரைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டார். பி.எஃப் பணத்தை எடுத்து ஒன்றை வாங்கினார். போன மாதம் வீட்டு வாசலில் சார்ஜ் போட்டிருந்தபோது அது தீப்பிடித்தது. அணைக்கப் போனவர் திரும்பவில்லை.

வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டது அவருடைய தப்பு என்று போலீஸ் ஃபைலை மூடியது. இன்சூரன்ஸ் கம்பெனி அதையே ஆங்கிலத்தில் சொன்னது. தெருக்காரர்கள் அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை. மலிவுக்கு ஆசைப்பட்டான், போய்ச் சேர்ந்தான் என்றார்கள்.

ஒப்புக்கொள்ளாதவள் அவர் மனைவி அன்பரசி ஒருத்திதான். அதனால்தான் அவள் செங்கல்பட்டில் பரோட்டாக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ரெஜினாவின் துப்பறியும் அலுவலகத்துக்குப் படியேறி வந்தாள்.

ரெஜினா முன்பு வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். எரிந்த கார், நசுங்கிய கார், ஏரியில் முங்கிய கார் எல்லாம் பார்த்தவள். அளந்துதான் பேசுவாள். அவள் பேசாமல் மிச்சம் வைத்த வார்த்தைகளை எல்லாம் அவளுடைய உதவியாளன் கியாசுதீன் செலவழித்துக்கொண்டிருந்தான்.

இன்று காலை இருவரும் ஜெபசிங் வீட்டு வாசலில் நின்றார்கள். காரின் எலும்புக்கூட்டை போலீஸ் இழுத்துப் போயிருந்தது. சிமெண்டுத் தரையில் கார் அளவுக்கு ஒரு கறுப்பு மட்டும் படுத்திருந்தது. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள்.

"எரிஞ்சப்போ என்ன பார்த்தேம்மா?" என்று ரெஜினா கேட்டாள்.

"அடியில உஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சுக்கா. வாளி வாளியா தண்ணி ஊத்துனாரு. வெள்ளையா புகை வந்துச்சு. 'அணைஞ்சிடுச்சு அன்பு, ஆவிதான் வருது'ன்னு சிரிச்சாரு. அப்பால அந்தப் புகைக்குள்ளயே குந்திட்டாரு. எழுந்துக்கல. அப்புறம்தான் வெடிச்சுது." அன்பரசி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கொண்டாள். "பயந்து ஓடியிருந்தா உயிரோட இருந்திருப்பாரு. பக்கத்து வூட்டுக்கு பரவிடுமேன்னு நின்னாரு. அவரப் போய் பேராசைக்காரன்றாங்க."

அந்த நேரம் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேலிருந்து கியாசுதீனின் குரல் வந்தது. "அக்கா, காரோட காது ஒண்ணு இங்க வந்து வுழுந்துகீது."

இறங்கி வந்தவன் கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை மூடி. சார்ஜ் ஒயரைச் செருகுகிற துளைக்கு மேல் இருக்கும் மூடி. சார்ஜ் ஏறும்போது திறந்து இருந்ததால், வெடித்த வேகத்தில் பிய்த்துக்கொண்டு பறந்து தப்பித்துவிட்டது. அந்தக் காரில் தப்பித்தது அது ஒன்றுதான்.

ரெஜினா மூடியைத் திருப்பினாள். உட்புறத்தில் சந்தனமும், நடுவே குங்குமமும். ஆனால் முழுப் பொட்டு இல்லை. மேல் பாதி கெட்டியாக, வைத்தபடியே இருந்தது. கீழ் பாதி சுத்தமாக இல்லை. ரெண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல ஒரு நேர்க்கோடு.

"இது நீங்க வச்ச பொட்டா?"

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்கக்கா. வண்டி வந்தன்னிக்கு பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணாரு, அவ்ளோதான். இது வாங்கும்போதே இருந்துச்சு. அவரு தொடைச்சிடலாம்னாரு. யாரோ நல்ல மனசோட வச்சது, இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

கியாசுதீன் தலையைச் சொறிந்தான். "நீங்க சர்ச்சு, நான் பள்ளிவாசலு. பொட்டு கேஸுக்குன்னு கரெக்டா ரெண்டு பேரு வந்து சேர்ந்துகீறோம். ஆனா ஒண்ணு தெரிதுக்கா. பாதி வச்சவன் பாதிதான் நம்பிகீறான்."

"யாரும் பாதிப் பொட்டு வைக்க மாட்டாங்க கியாஸ். முழுசாத்தான் வச்சிருக்காங்க. பாதியை வேற யாரோ எடுத்திருக்காங்க." ரெஜினா மூடியை காரில் இருந்த நிலையில் நேராக நிமிர்த்திப் பிடித்தாள். நேர்க்கோடு தரைக்குச் சமமாகப் படுத்தது. "கை துடைச்சா இழுபடும். மழை அடிச்சா வழியும். இப்படி நேரா வெட்டினது போல எடுக்க ஒண்ணாலதான் முடியும்."

கியாசுதீனின் சிரிப்பு மெல்ல நின்றது. "தேங்கி நின்ன தண்ணி," என்றான்.

புத்தம் புதுக் கார். பொங்கலுக்கு அப்புறம் வந்த கப்பலில் இறங்கியதாகக் காகிதம் சொல்கிறது. பொங்கலுக்கு அப்புறம் இந்தப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. அப்படியென்றால் இடுப்பளவு தண்ணீரில் இந்தக் கார் எங்கே நின்றது? யார் பொட்டு வைத்தது?

"அன்பரசி, நீயும் கிளம்பு," என்றாள் ரெஜினா.

செங்கல்பட்டு தாண்டி, திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரம் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. காற்றே இல்லை. சவுக்குத் தோப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஷோரூமுக்குப் பின்னால், பக்கிங்காம் கால்வாய்ப் பக்கமாகச் சரிந்து போகிற பெரிய காலி இடம்தான் அவர்களுடைய கார் யார்டு. அதன் ஒரு மூலையில் மட்டும் சவுக்கு மரங்கள் பாதி உயரத்துக்குக் கருகியிருந்தன. அந்த இடத்தில் புது மண் கொட்டிச் சமப்படுத்தி இருந்தார்கள். ரெஜினா அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

யார்டுச் சுவருக்கு அடுத்து ஒரு சிற்பக்கூடம். அங்கே ஒரு நந்திக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த ஆளின் பெயர் லட்சுமணன். போன மாதம் வரை யார்டில் கார் கழுவியவன், இப்போது கல்லுக்கு வந்துவிட்டான் என்று டீக்கடையில் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தான் கியாசுதீன்.

மூடியைப் பார்த்ததும் லட்சுமணனின் கை நந்தியின் கழுத்திலேயே நின்றது.

"இது உங்க கைவேலையா அண்ணாத்த?" என்றான் கியாசுதீன்.

"ஆயுத பூஜைக்கு வச்சது." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வெளிய வச்சா பெயிண்டு கெட்டுடும்னு மொதலாளி திட்டுவாரு. அதுக்காவ பொட்டு வைக்காம வுட முடியுமா? கரண்டு வண்டிக்கு அந்த ஓட்டைதானே வாயி. சோறு துன்ற எடத்துல வையுங்கடான்னு மேஸ்திரி சொன்னாரு. எல்லா வண்டிக்கும் மூடிக்கு உள்ளாற வச்சோம்."

"வாய்க்குள்ள பொட்டு வச்ச மொத ஆளுங்க நீங்கதான்."

ரெஜினா கையமர்த்தினாள். "ஆயுத பூஜைன்னா ஐப்பசிக்கு முன்னாடி. அப்பவே இந்த வண்டிங்க யார்டுல இருந்துச்சா?"

"எல்லாமே இருந்துச்சு மேடம்."

"அப்ப கார்த்திகையில புயல் வந்தப்பவும் இருந்திருக்கும்."

லட்சுமணன் உப்புத்தாளை மடித்தான், பிரித்தான். பிறகு வேகவேகமாகச் சொன்னான். "கால்வா பொங்கி உள்ள பூந்துகிச்சு. முன்னாடி மேடு, பின்னாடி பள்ளம். மேட்டுல நின்னதுக்கு டயருதான் நனைஞ்சுது. பள்ளத்துல நின்னதெல்லாம்..." தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினான். "தண்ணி வடிஞ்சப்பறம் எல்லாத்தையும் கழுவி ஒரே வரிசையா வுடச் சொன்னாரு. அத்தினியும் ஒரே வெள்ளை. எது மேடு, எது பள்ளம்னு எங்களுக்கே தெர்ல. பொங்கலுக்கு அப்பால புதுக் காகிதம் வந்துச்சு, கப்பல் இப்பதான் வந்துதுன்னு."

"பள்ளத்துல எத்தனை நின்னுச்சு?"

"பாதிக்கு மேல."

"வித்தாச்சா?"

"ஒண்ணு பாக்கியில்ல மேடம். ஏழை பாழைங்க வாங்குற வெல. புட்டு மாதிரி போயிடுச்சு." அவன் நந்தியின் பக்கம் திரும்பிக்கொண்டான். "போலீஸு கீலீஸுன்னு என்ன இழுக்காதீங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"உப்புத் தண்ணி உள்ள போன பேட்டரி உடனே ஒண்ணும் பண்ணாது," என்றாள் ரெஜினா. "மாசக்கணக்கா ஓடும். உள்ளுக்குள்ள அரிச்சுகிட்டே இருக்கும். ஒரு நாள் சார்ஜ் ஏறும்போது கிளம்பும். இப்ப இந்த ஜில்லா முழுக்க எத்தனை வீட்டு வாசல்ல அது நின்னுகிட்டு இருக்குன்னு நமக்குத் தெரியாது."

"அப்ப நேரா போலீஸுக்குப் போலாம்கா."

"என்னன்னு சொல்லுவ? பாதிப் பொட்டு இருக்குன்னா சிரிப்பாங்க. லட்சுமணன் வாயைத் திறக்க மாட்டான். ஷோரூம் முதலாளி ராஜாராம், 'எனக்கு ஒண்ணும் தெரியாது, யார்டு ஆளுங்க செஞ்சது'ன்னு கையை விரிப்பாரு. வண்டி நனைஞ்சதுன்னு தெரிஞ்சேதான் வித்தாருன்னு காட்டினாத்தான் மத்த வண்டிகளை இன்னிக்கே நிறுத்த முடியும்."

"அந்தாளு தெரியாம பண்ணிருப்பாரோ? லட்சுமணன் என்னாண்ட தனியா ஒண்ணு சொன்னான்கா. மொதலாளி தம் பொண்ணு சிநேகாவுக்கே இதுல ஒரு வண்டி குடுத்துகீறாராம். கேளம்பாக்கத்துல ஃபிளாட்டு. இவன்தான் வண்டிய கொண்டுபோய் வுட்டானாம். பெத்த பொண்ணுக்கு எவனாச்சும் குண்டு வாங்கித் தருவானா?"

ரெஜினா சட்டென்று அவனைப் பார்த்தாள். "அந்த வீடு எங்கன்னு கேட்டுக்கோ. அவன் பைக்கை வாங்கிகிட்டு இப்பவே போ. பொண்ணோட கார்ல மூடியைத் திறந்து பாரு. பொட்டு முழுசா இருந்தா, நனையாத வண்டியா பொறுக்கித் தன் பொண்ணுக்குக் குடுத்திருக்காருன்னு அர்த்தம். நனைஞ்சது எதுன்னு அவருக்குத் தெரியும்னு அர்த்தம்."

"பாதியா இருந்தா?"

"பாதியா இருந்தா அவருக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியாது. நம்ம கேஸ் கால்வாய்ல போச்சு."

கியாசுதீன் பைக்கை உதைத்தான். "வாழ்க்கையில மொத தடவையா ஒருத்தருக்கு முழுப் பொட்டு வேணும்னு துவா பண்ணப்போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போனதும் அந்த இடமே சத்தம் அடங்கிப் போயிற்று. உளிச் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

'கடலோரம் ஈ-கார்ஸ்' ஷோரூமில் ஏ.சி. எலும்பைத் துளைத்தது. ராஜாராம் அவர்களை நிறைய நேரம் காக்க வைத்தார். சுவர் முழுக்க, சாவியை வாங்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் குடும்பங்களின் படங்கள். ஆட்டோ டிரைவர், டீச்சரம்மா, பழக்கடைக்காரர். மூன்றாவது வரிசையில் ஜெபசிங்கும் சிரித்துக்கொண்டிருந்தார். அன்பரசி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். ரெஜினா மற்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவர்களில் யார் இந்த நிமிடம் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ?

ராஜாராம் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் வட்டமான சந்தனப் பொட்டு, நிதானமான குரல். டெலிவரி எல்லாம் ஆட்கள் பார்த்துக்கொள்வதால் அன்பரசியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ரெஜினாவும் அறிமுகம் செய்யவில்லை.

"மறைமலைநகர் விஷயமா? கேட்கவே கஷ்டமா இருந்துச்சு மேடம்," என்றார். "ஆனா நான் என்ன பண்ண முடியும்? வண்டி வெளிநாட்டுல மோதிப் பார்த்து, முக்கிப் பார்த்து, பாஸ் பண்ணி அனுப்பினது. தகுதிக்கு மீறி ஆசைப்படறாங்க. வாங்கத் தெரிஞ்சவனுக்கு வச்சுக்கத் தெரியல. வீட்டு பிளக்ல சொருகினா எரியத்தான் செய்யும்."

அன்பரசியின் விரல்கள் நாற்காலிக் கையைப் பிடித்தன. ரெஜினா அவள் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"வெளிநாட்டுக் கார் இவ்வளவு குறைஞ்ச விலைக்கு எப்படி சார் கட்டுப்படியாகுது?"

"லாபத்தைக் குறைச்சுகிட்டேன். கம்பெனி பஸ்ல தொங்கிகிட்டுப் போறவனும் கார்ல போகணும், அதுதான் என் ஆசை."

ரெஜினா பையிலிருந்து மூடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பொட்டு மேலே தெரியும்படி. அவர் குனிந்து பார்த்தார். எரிச்சல்தான் தெரிந்தது, பயம் இல்லை.

"பூஜை போட்டுத்தான் டெலிவரி கொடுப்போம்."

"கிறிஸ்தவங்களுக்கும் சேர்த்தா? அதுவும் பாதிப் பொட்டா?"

அவள் நிதானமாக எடுத்துச் சொன்னாள். ஆயுத பூஜைக்கு யார்டில் வைத்த பொட்டு. கார்த்திகைப் புயலில் தேங்கிய தண்ணீர். தண்ணீர் ஏறிய உயரத்துக்குக் கோடு கிழித்தது போல நின்ற மிச்சப் பாதி. ராஜாராம் பேனாவைக் கையில் எடுத்தார், அதன் மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"நல்லா கதை சொல்றீங்க. என் யார்டுக்குள்ள ஒரு சொட்டு தண்ணி வந்ததில்ல. வண்டி பொங்கலுக்கு அப்புறம்தான் வந்துச்சு, காகிதம் இருக்கு. எனக்கு வண்டி மேல சந்தேகம் இருந்தா என் பொண்ணுக்கு அதையே கொடுப்பேனா? சொல்லுங்க."

பதில் கேளம்பாக்கத்தில் இருந்தது. சரியாக அப்போது அவளுடைய போன் அடித்தது. கியாசுதீன்.

நல்ல துப்பறிவாளர்கள் பதிலைத் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் மேஜையில் வைப்பார்கள். ரெஜினாவுக்கு அதற்குப் பொறுமை இல்லை. ஸ்பீக்கரைப் போட்டு போனை மேஜை நடுவில் வைத்தாள்.

"அக்கா, பார்க்கிங்ல நிக்கறேன். வண்டி சார்ஜ் ஏறிகினு கீது. மூடி தொறந்தேதான் இருக்குது." கொஞ்சம் நிறுத்தினான். அவன் குரலில் சுரத்தே இல்லை. "நம்ம கேஸ் போச்சுக்கா. பாதிப் பொட்டு."

ரெஜினா கண்ணை மூடினாள். இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் இந்த ஆள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். இனி அன்பரசி முகத்தில் எப்படி விழிப்பது?

"இருக்காது," என்றார் ராஜாராம்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

ராஜாராமின் முகத்தில் ரத்தமே இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருந்தார். "இருக்கவே இருக்காது. நல்லா பாருப்பா. அது மேட்டுல நின்ன வண்டி. அவளுக்கு மேட்டுல நின்ன வண்டியைத்தான் எடுக்கச் சொன்னேன்."

சொன்னது என்ன என்று அவருக்கே இன்னும் உறைக்கவில்லை.

"எது மேடு எது பள்ளம்னு கழுவினவங்களுக்கே தெரியாது சார்," என்றாள் ரெஜினா. "எல்லா வண்டியையும் வெள்ளையா, வரிசையா நிறுத்தச் சொன்னது நீங்கதான்."

"அக்கா." போனில் கியாசுதீனின் குரல் மாறியிருந்தது. "வண்டிக்கு அடியில இன்னாவோ சத்தம் வருது. குக்கர்ல விசில் வர்றதுக்கு முன்னாடி உஸ்ஸுன்னு வருமே, அப்டி. தித்திப்பா ஒரு நாத்தம் வேற."

ரெஜினா வாய் திறப்பதற்குள் ராஜாராம் போனைப் பிடுங்கிவிட்டார்.

"ஏய், கிட்டப் போகாத. பிளக்கைத் தொடாத. மெயின் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு வாட்ச்மேனைக் கேளு, அதை அணை. மாடியில இருக்கற எல்லாரையும் வெளிய வரச் சொல்லு. மூணாவது மாடியில சிநேகா. என் பொண்ணு. லிஃப்ட் வேணாம், படியில."

"சார், வண்டிய ஒட்டித்தான் சார் படி."

"பின்பக்கம் ஒரு படி இருக்கு, ஓடு."

போனில் ஓடுகிற காலடி, கதவு தட்டுகிற சத்தம், கியாசுதீன் போட்ட கூச்சல், யாரோ ஒரு குழந்தை அழுவது எல்லாம் கலந்து வந்தன. ரெஜினா தன்னுடைய இன்னொரு போனில் தீயணைப்பு நிலையத்துக்கு இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்பரசி எழுந்து நின்றுவிட்டாள். அவள் உதடுகள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தன. யாருடைய பெண் என்று பார்த்து அவள் ஜெபிக்கவில்லை.

"அப்பா?" ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியபடி. "என்னப்பா இது, யாரோ வந்து இழுத்துகிட்டு போறாரு. கார்ல இருந்து புகை வருதுப்பா. வாட்ச்மேன் வாளி எடுத்துட்டு வர்றாரு."

"ஊத்த விடாதே. சிநேகா, ஊத்த விடாதேம்மா. வாளித் தண்ணிக்கெல்லாம் அது அடங்காது. வெள்ளைப் புகைதானே? அது ஆவி இல்ல. அணைஞ்சிடுச்சுன்னு நினைச்சுகிட்டு பக்கத்துல நிக்கக் கூடாது. ரெண்டு மூச்சு உள்ள போனா கால் நிக்காது, அப்படியே உட்கார்ந்துடுவீங்க. ஓடுங்க. காத்து எங்கேருந்து வருதோ அந்தப் பக்கமா ஓடுங்க. தெருவுக்கு அந்தாண்ட போய் நில்லுங்க. அது அடங்கின மாதிரி இருக்கும், அப்புறம்தான் வெடிக்கும்."

மறுமுனையில் யாரோ தடுக்கி விழுந்தார்கள். கியாசுதீன் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டி இழுத்தான். பிறகு கனமான ஒரு சத்தம் வந்தது. ஸ்பீக்கர் கரகரத்து அடங்கியது.

ராஜாராம் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது.

"சிநேகா. சிநேகா."

கியாசுதீன்தான் முதலில் பேசினான். இருமினான். "எல்லாரும் தெருவுல கீறோம். பொண்ணு பக்கத்துலதான் இருக்குது, ஒரு கீறல் இல்ல. வாளியோட வந்த வாட்ச்மேனும் இருக்காரு. வாளி மட்டும்தான் உள்ள மாட்டிகிச்சு."

ராஜாராம் நாற்காலியில் விழுந்தார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். எதிரில் இருப்பவர்களையே மறந்து போனார்.

"அப்பா," என்றது போன். சிநேகாவின் குரல் தெளிவாக இருந்தது. "வெள்ளைப் புகை, அடங்கின மாதிரி இருந்து வெடிக்கும், எல்லாம் நீ சொன்ன மாதிரியே நடந்துச்சு. உனக்கு எப்படிப்பா முன்னாடியே தெரியும்?"

அவர் அழுகை நின்றது. ரெஜினாவின் பார்வை ஜன்னலுக்கு வெளியே, யார்டு மூலையில் புது மண் கொட்டிய இடத்துக்குப் போய்த் திரும்பியது.

"மொத வண்டி இங்கயே எரிஞ்சுச்சு, இல்லையா?" என்றாள். "நின்னு முழுசா பார்த்திருக்கீங்க. அதுக்கு அப்புறமும் மிச்ச வண்டிகளை வித்திருக்கீங்க. சுவத்துல இருக்கற இத்தனை பேரோட நம்பரும் உங்க ஆபீஸ்ல இருக்கும். இப்ப என் எதிர்லயே ஒவ்வொருத்தருக்கா போன் போடறீங்க. போலீஸ் வர்ற வரைக்கும் போடறீங்க."

ராஜாராம் தலையை ஆட்டினார். மேஜை போனை இழுத்தார். அப்போதுதான் அன்பரசி அவர் எதிரில் வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். யார் இந்தப் பெண் என்று இன்னும் அவருக்குத் தெரியவில்லை.

அன்பரசி சுவரில் இருந்த மூன்றாவது வரிசைப் படத்தைக் காட்டினாள். அவள் குரல் உயரவில்லை.

"அவரு எங்க வூட்டுக்காரரு சார். இப்ப உங்க பொண்ணுக்கு சொன்னீங்களே, தண்ணி ஊத்தாத, நிக்காத, ஓடுன்னு. அந்த நாலு வார்த்தைய அவருக்கும் ஒரு போன் போட்டு சொல்லியிருந்தா, கேட்டிருப்பாரு சார்."